விரல் எடுத்தாச்சு... இனிதான் காலைக் காப்பாத்தணும்!

சர்க்கரை நோயால் கால்விரலை இழந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டு ஏன் முக்கியம்? வீட்டில் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சிங்காநல்லூரில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஸ்பின்னிங் மில்லில் 30 வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். 15 வருஷமாகச் சர்க்கரை. மகனுக்குச் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. செருப்பு வார் உரசியதில் அப்பாவின் வலது கால் பெருவிரலில் சின்னதாக ஒரு புண். வலி இல்லாததால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டார். மூன்றாவது வாரம் விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் விரலை எடுத்துவிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். "விரல்தானுங்க போச்சு, கால் தப்பிச்சுதில்ல... சாமி புண்ணியம்" என்கிறார்கள். வீடே நிம்மதியாகிறது. மகன் லீவை முடித்துக்கொண்டு திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கிளம்புகிறார்.

இது ஒரு உதாரணம்தான். ஆனால் கோவையின் மில் பகுதிகளில் இந்தக் கதையில் தன் வீட்டைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். சொந்தக்காரர்கள் சொன்னதில் பாதி சரி. கால் தப்பித்திருக்கிறது. ஆனால் அந்தக் காலுக்கான ஆபத்து இன்னும் விலகவில்லை.

எண்கள் என்ன சொல்கின்றன?

சர்க்கரை நோயால் விரல் அல்லது காலை இழந்த 277 பேரை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 10 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஆய்வு 2006-ல் 'டயபெடிஸ் கேர்' இதழில் வெளியானது. விரலை மட்டும் இழந்தவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு ஒரே ஆண்டுக்குள் அதே காலில் மறுபடியும் அறுவை சிகிச்சை செய்து இன்னொரு பகுதியை எடுக்க வேண்டி வந்தது. 3 ஆண்டுகளில் இது 40 சதவீதம் ஆனது. 5 ஆண்டுகளில் 52 சதவீதம். அதிக ஆபத்து இருந்தது முதல் 6 மாதங்களில்.

இது வேறு நாட்டுக் கணக்கு. நம் ஊரில் எண்கள் கூடலாம், குறையலாம். ஆனால் வரிசை ஒன்றுதான்: முதலில் விரல், பிறகு பக்கத்து விரல், பிறகு பாதம். இந்த வரிசையை நடுவில் நிறுத்துவதுதான் அறுவை சிகிச்சைக்குப் பிறகான பராமரிப்பின் ஒரே நோக்கம்.

இந்தப் பிரச்சினைக்குள் வரக்கூடியவர்கள் எத்தனை பேர்? 2023-ல் 'லான்செட்' குழும இதழில் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நம் தெருவில், நம் ஆபீஸில், நம் வீட்டில் யாராவது ஒருவர் இதற்குள் இருப்பார்.

விரல் ஏன் போகிறது?

மூன்று விஷயங்கள் ஒன்று சேரும்போதுதான் பெரும்பாலும் இந்த நிலை வருகிறது.

முதலாவது, நரம்பு பாதிப்பு. பல வருஷம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்தின் உணர்வு நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். முள் குத்தினாலும், செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது.

இரண்டாவது, ரத்த ஓட்டக் குறைவு. காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடுகின்றன. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். ரத்தம் போகாத இடத்துக்கு ஆக்சிஜனும் போகாது, மருந்தும் சரியாகப் போகாது.

மூன்றாவது, தொற்று. விரலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே அதிக சதை கிடையாது. அதனால் புண்ணில் புகுந்த கிருமி சில நாட்களிலேயே எலும்பைத் தொட்டுவிடலாம். எலும்பில் தொற்று பரவினாலோ, விரல் அழுகிவிட்டாலோ, மேலே பரவாமல் தடுக்க அந்தப் பகுதியை எடுக்க வேண்டி வருகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். விரலை எடுத்ததால் தொற்று போயிருக்கலாம். மரத்துப்போன நரம்பும் சுருங்கிய ரத்தக்குழாயும் அப்படியேதான் இருக்கின்றன. விரலை எடுத்துக்கொண்ட அதே காரணங்கள் மீதிப் பாதத்திலும் காத்திருக்கின்றன.

முதல் சில வாரங்கள்: என்ன எதிர்பார்க்கலாம்?

விரலை எடுத்த பிறகு காயத்தை இரண்டு விதமாக விடுவார்கள். தொற்று இல்லாமல் சதை சுத்தமாக இருந்தால் தையல் போட்டு மூடுவார்கள். சீழ் இருந்தால் மூடாமல் திறந்தே வைத்து டிரெஸ்ஸிங் செய்வார்கள். "என்னங்க, ஆபரேஷன் பண்ணிட்டு இப்படித் திறந்தே விட்டுட்டாங்க" என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். உள்ளே சீழ் தங்கி மேலே மட்டும் மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

தையல் போட்ட காயம் என்றால் 2 முதல் 3 வாரம், சில நேரம் அதற்கு மேலும் தையலைப் பிரிக்காமல் வைப்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோல் ஒட்டுவது மெதுவாக நடக்கும். திறந்த காயம் அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும். அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பெரிய காயமாக இருந்தால் கசியும் நீரை உறிஞ்சி எடுக்கும் 'வேக்' டிரெஸ்ஸிங் போடுவதும் உண்டு.

ஆன்டிபயாடிக் எத்தனை நாள்? இதில்தான் குழப்பம் அதிகம். 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்படி, தொற்று பிடித்த எலும்பு முழுவதும் நீக்கப்பட்டுவிட்டால் சில நாட்கள் மருந்தே போதும். வெட்டிய ஓரத்தில் இருக்கும் எலும்பிலும் கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் 3 வாரம் வரை தேவைப்படலாம். எலும்பை எடுக்காமல் மருந்தாலேயே குணப்படுத்தப் பார்த்தால் சுமார் 6 வாரம். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த அளவை வைத்து நமக்குக் கணக்குப் போடக் கூடாது. நடுவில் தானாக நிறுத்துவதும் தவறு. மிச்சமிருந்த மாத்திரையை அடுத்த புண்ணுக்கு எடுத்துப் போடுவது அதைவிடத் தவறு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. எலும்பில் இருந்த தொற்று முழுவதும் போய்விட்டதா? காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது, சோதித்தாயிற்றா? இந்தக் காலை எப்போது, எவ்வளவு ஊன்றலாம்? பதில்களை போனில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தாலும் அது உதவும்.

காயம் ஏன் ஆறவில்லை?

இரண்டு, மூன்று வாரமாகியும் காயம் சுருங்கவே இல்லை என்றால் மருந்துக் கடையில் ஆயின்ட்மென்ட் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. ஏதோ ஒரு காரணம் அதைத் தடுக்கிறது. பொதுவான காரணங்கள் நான்கு.

ஒன்று, ரத்தம் போகவில்லை. கணுக்காலில் உள்ள ரத்த அழுத்தத்தைக் கையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் சோதனை. விகிதம் 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கலாம். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துப்போயிருக்கும். அப்போது ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலும் இந்த எண் நன்றாக இருப்பது போலக் காட்டும். அதனால் மீதி விரல்களில் ரத்த அழுத்தம் பார்ப்பது, டாப்ளர் ஸ்கேன் எடுப்பது போன்றவை தேவைப்படும். விரலில் 30 மி.மீ.க்குக் கீழே இருந்தால் ரத்தக்குழாய் நிபுணரை அவசரமாகப் பார்க்க வேண்டிய நிலை. அடைப்பை பலூன் மூலம் விரிக்கவோ, பைபாஸ் செய்யவோ முடிந்தால் ஆறாத காயமும் ஆற வாய்ப்பு உண்டு.

இரண்டு, எலும்பில் தொற்று மிச்சமிருக்கிறது. மேலே மூடியது போல இருந்து, ஒரு சின்ன ஓட்டை வழியாக நீர் கசிந்துகொண்டே இருக்கும். எக்ஸ்ரே, சில நேரம் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

மூன்று, காலை ஊன்றுகிறார்கள். இதுதான் வீடுகளில் அதிகம் நடப்பது. வலி இல்லாததால் "பாத்ரூம் வரைக்கும்தானே", "வாசல் வரைக்கும்தானே" என்று நடந்துவிடுகிறார்கள். ஒரு நாளில் இப்படி 50 முறை நடந்தால் புதிதாக வளர்ந்த சதை 50 முறை நசுங்குகிறது. முன்பாதத்தில் எடை விழாதபடி செய்த செருப்பு, வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் இதற்காகத்தான்.

நான்கு, சர்க்கரையும் சாப்பாடும். சர்க்கரை ஏறியிருந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்யாது. இன்னொரு பக்கம், "சர்க்கரை ஏறிரும்" என்று பயந்து கஞ்சி மட்டும் குடித்து உடம்பை வாட்டுபவர்களும் உண்டு. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தயிர் எல்லாம் உதவும். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஒரு விரல் இல்லாவிட்டால் பாதத்தில் என்ன மாறும்?

நடக்கும்போது கடைசியில் தரையை உந்தித் தள்ளுவது பெருவிரல்தான். அது இல்லாவிட்டால் அந்தச் சுமை விரல்களுக்குக் கீழே உள்ள பாதப் பந்துப் பகுதிக்கும் பக்கத்து விரல்களுக்கும் போகும். மீதி விரல்கள் தரையைப் பிடிக்கப் பார்த்து நகம் போல வளையும். வளைந்த விரலின் நுனியும், மேல் முட்டியும் செருப்பில் உரசும். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு வரும். காய்ப்புக்கு அடியில் ரத்தம் கட்டும். ஒருநாள் அது புண்ணாகத் திறக்கும்.

இரண்டாவது விரலை எடுத்தால் வேறு பிரச்சினை. நடுவில் இடம் காலியானதும் பெருவிரல் அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். பெருவிரலின் அடி எலும்பு வெளியே புடைத்து, செருப்பில் இடிக்கும். காலியான இடத்தில் சிலிகான் அடைப்பு வைக்கச் சொல்வது இதனால்தான்.

மொத்தத்தில், எந்த விரலை எடுத்தாலும் பாதத்தின் எடைக் கணக்கு மாறுகிறது. அடுத்த புண் பழைய இடத்தில் வருவதைவிட, புதிதாக எடை விழும் இடத்தில் வர வாய்ப்பு அதிகம். இன்னொரு காலையும் மறக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன காலைக் காப்பாற்ற எல்லா எடையையும் மற்ற காலில் போட்டு நடப்பார்கள். டெக்சாஸ் ஆய்விலும் விரலை இழந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் மறு காலில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

புண் ஆறியவர்களுக்கும் ஓய்வு கிடையாது. 2017-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, ஆறிய பாதப் புண்களில் சுமார் 40 சதவீதம் ஓராண்டுக்குள் திரும்ப வருகின்றன. 5 ஆண்டுகளில் இது 65 சதவீதம். அதனால் ஆறிய புண்ணை, குணமான நோய் என்று நினைக்காமல், தற்காலிகமாக அடங்கியிருக்கும் நோய் என்றுதான் நிபுணர்கள் பார்க்கிறார்கள்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

* காயத்தைச் சுற்றிய சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவுகிறது.
* சீழ், புதிதாகக் கெட்ட வாடை, டிரெஸ்ஸிங் திடீரென அதிகம் நனைவது.
* தோல் நீலம் அல்லது கறுப்பு நிறமாக மாறுகிறது. பாதம் ஜில்லென்று இருக்கிறது.
* தையல் விட்டுப்போகிறது, உள்ளே எலும்பு தெரிகிறது.
* காய்ச்சல், நடுக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு.
* காரணமே இல்லாமல் சர்க்கரை அளவு எகிறுகிறது. காய்ச்சல் வராமலேயே தொற்று பரவுவதற்கு இது ஒரு அறிகுறியாக இருக்கலாம்.
* ஒரு பாதம் மட்டும் சூடாக, வீங்கி, சிவந்திருக்கிறது, வலி பெரிதாக இல்லை.

கடைசியாகச் சொன்னது பலருக்கும் தெரியாதது. புண் எதுவும் இல்லாமல் பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது 'சார்க்கோ பாதம்' ஆக இருக்கலாம். உணர்வற்ற பாதத்தில் எலும்புகளும் மூட்டுகளும் உள்ளுக்குள் நொறுங்கும் நிலை அது. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவிவிட்டு நடக்க வைத்தால் பாதத்தின் வளைவே உடைந்து தட்டையாகிவிடும். காலை ஊன்றாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எடுத்த விரல் இன்னும் இருப்பது போலத் தோன்றுவதும், அதில் அரிப்போ வலியோ வருவதும் சிலருக்கு உண்டு. இது மனப்பிரமை அல்ல. வெட்டுப்பட்ட நரம்பும் மூளையும் பழைய கணக்கில் பேசிக்கொள்வதுதான். தொந்தரவாக இருந்தால் மருந்து இருக்கிறது. சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

வலி இல்லாததுதான் ஆபத்து: வேலூர் சொன்ன பாடம்

"ஒண்ணும் வலிக்கலைங்க" என்று சொல்லும் நோயாளியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்று உலகத்துக்குச் சொன்ன மருத்துவர் தமிழ்நாட்டில் பிறந்தவர். பால் பிராண்ட், 1914-ல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து தொழுநோயாளிகளின் கை, கால்களைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைகளில் இறங்கினார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது நம்பினார்கள். அவர் கவனித்தது வேறு. நோய் உணர்வை எடுத்துவிடுகிறது. வலி தெரியாததால் சுடு பாத்திரம், ஆணி, கல், ஒரே இடத்தில் விழும் அழுத்தம் எல்லாம் சேர்ந்து விரல்களைச் சிதைக்கின்றன.

பிறகு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதுவேதான் நடக்கிறது என்று அவரும் அவரது குழுவும் காட்டினார்கள். எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும் மாவுக்கட்டு, மென்மையான அடித்தளம் கொண்ட காலணி ஆகியவை சர்க்கரை நோய் சிகிச்சைக்குள் வர அந்தப் பணி பெரிய காரணம். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பும் தொழுநோயாளிகளுக்குப் பயன்பட்ட அதே மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்புதான்.

கண்தான் இனி நரம்பு

உணர்வு போன பாதத்துக்குக் கண்தான் காவல். தினமும் இரவு 5 நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

பாதத்தின் மேல், கீழ், விரல் இடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். சர்க்கரையால் பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ வாரம் இரண்டு முறை வீடியோ கால் பண்ணி, "அப்பா, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்கலாம். வாரம் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் காயம் சுருங்குகிறதா, விரிகிறதா என்பது தேதியோடு தெரியும்.

இரண்டு பாதங்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒரு பாதம் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அது எச்சரிக்கை. வெப்பமானியால் தினமும் அளப்பவர்களுக்கு 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

செய்யக் கூடாதவை நீளமான பட்டியல் இல்லை. காய்ப்பை பிளேடால் சீவக் கூடாது. ஆணிக்கால் பிளாஸ்டர் ஒட்டக் கூடாது, அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். சுடுதண்ணியில் காலை ஊறவைக்கக் கூடாது. காயத்தில் மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பாதத்துக்கு மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். இது நம் பழக்கத்துக்கு மாறானது, பல அம்மாக்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கிவைப்பதுதான் வழி. பின்பக்கம் வார் உள்ள, முன்பக்கம் அகலமான எம்.சி.ஆர். செருப்பு நல்லது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் அளவு பார்த்து வாங்க வேண்டும். போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார்ப்பது தினசரிப் பழக்கமாக வேண்டும். பெருவிரல் போனவர்களுக்குக் காலியிடத்தை நிரப்பும் உள்தளமும், முன்பக்கம் லேசாக வளைந்த அடிப்பகுதியும் உள்ள காலணியைச் செய்யச் சொல்வார்கள்.

கொங்கு நாட்டில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை, கோயிலில் குண்டம் இறங்குவது எல்லாம் தலைமுறை தலைமுறையாக வரும் நேர்த்திக்கடன்கள். விரல் இழந்த, உணர்வு இழந்த பாதத்துக்கு இவை இரண்டுமே ஆபத்து. வெயில் ஏறிய கல்தரையில் கோயிலைச் சுற்றி வருவதே கொப்புளத்துக்குப் போதும். குடும்பத்தில் வேறொருவர் அந்த வேண்டுதலை நிறைவேற்றட்டும். காலையில் வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போவதும், அனுமதி உள்ள இடத்தில் சாக்ஸ் போட்டுக்கொள்வதும் நல்லது.

வேலைக்கு எப்போது திரும்பலாம்?

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் காயம் மூடியதும், மருத்துவர் சொன்ன செருப்போடு போகலாம். 8 மணி நேரம் நிற்கும் மில் வேலைக்கு அவசரப்பட்டுத் திரும்பினால் முதல் வாரத்திலேயே காயம் பிரியும். கியர் பைக் ஓட்டுபவர்களும் யோசிக்க வேண்டும். இடது கால் விரல்தான் கியரைத் தூக்குகிறது, வலது பாதம்தான் பின் பிரேக்கை மிதிக்கிறது. உணர்வு இல்லாத பாதத்துக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது.

சம்பளம் நின்றுவிடும் என்ற பயத்தில்தான் பலர் சீக்கிரம் வேலைக்குப் போகிறார்கள். இங்கே இ.எஸ்.ஐ. உதவும். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் முதலில் தொடங்கியது 1955-ல், மில்கள் நிறைந்த கோவையில். சிங்காநல்லூர் வரதராஜபுரத்தில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை இன்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாகவும் இயங்குகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் திட்டத்துக்குள் வருவார்கள். மருத்துவச் சான்றோடு விடுப்பில் இருக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். அதற்குரிய 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

ரிட்டயர் ஆனவர்களுக்கும் வழி இருக்கிறது. குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதில் பணி முடித்தவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். இது தெரியாமல் தனியாரில் செலவழிக்கும் பழைய மில் தொழிலாளர்கள் இருக்கலாம், அவர்களிடம் சொல்லுங்கள்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்குத் திருச்சி ரோட்டில் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிக்க 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டமும் அரசிடம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கால் மட்டும் பார்த்தால் போதாது

காலில் ரத்தக்குழாய் அடைபட்டவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். 2020-ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வுத் தொகுப்பு, விரல் அல்லது பாதத்தின் ஒரு பகுதியை இழந்த சர்க்கரை நோயாளிகளில் சுமார் 46 சதவீதம் பேர் 5 ஆண்டுகளுக்குள் இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. கேட்கக் கஷ்டமான எண். ஆனால் இந்த இறப்புகளில் பெரும்பகுதிக்குப் பின்னால் இருப்பவை இதயமும் சிறுநீரகமும். அவற்றுக்கு மருந்து உண்டு. ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம், எச்.பி.ஏ.1.சி. எல்லாவற்றையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட்டை இப்போதாவது விட வேண்டும்.

மனசையும் கவனியுங்கள். சம்பாதித்துப் பழகிய மனிதர் ஒரு மூலையில் உட்கார நேரும்போது பேச்சு குறையும், தூக்கம் கெடும், "எனக்காக எதுக்குச் செலவு" என்பார். மாத்திரையைத் தவிர்ப்பது அங்கிருந்துதான் தொடங்கும். அதுவும் சிகிச்சை தேவைப்படும் நிலைதான்.

சொல்வதைக் கேட்டால் பலன் உண்டா?

உண்டு. சென்னை ராயபுரத்தில் 1954-ல் மருத்துவர் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய் மருத்துவமனையின் ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. பாதத்தில் ஆபத்து அதிகம் உள்ள 1,259 பேருக்குப் பாதப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். சொன்னதைச் சரியாகக் கடைப்பிடித்தவர்களில் 82 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கடைப்பிடிக்காதவர்களில் 50 சதவீதம் பேருக்குத்தான் ஆறியது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் முதல் குழுவில் 3 சதவீதம், இரண்டாவது குழுவில் 14 சதவீதம். சொன்னதைக் கேட்பவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம், அதனால் முழு வித்தியாசத்தையும் பாதப் பராமரிப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் தமிழ்நாட்டு நோயாளிகளிடம், செருப்பு, தினசரிச் சோதனை, நேரத்துக்கு மருத்துவரைப் பார்ப்பது ஆகிய சாதாரண விஷயங்களோடு வந்த வித்தியாசம் இது.

விரலை இழந்தவர்களுக்கு 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டுதல். புண் இல்லை, வலி இல்லை என்றாலும் போக வேண்டும்.

அந்தச் சிங்காநல்லூர் வீட்டுக்குத் திரும்புவோம். மகன் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகட்டும். போகும் முன் போனில் மூன்று நினைவூட்டல்களைப் போட்டுவைக்கலாம்: தினமும் இரவு 9 மணிக்குப் பாதம் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு. முதல் ஆறு மாதம் இவை தவறாமல் நடந்தால், அந்த வீட்டில் அடுத்த விரல் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

(இது பொதுவான மருத்துவத் தகவல். ஒவ்வொருவரின் காயமும் வேறு. சிகிச்சையை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.)